பெட்டியில் 1200 மடங்கு, கண்ணில் இருட்டு

கேள்வி: ஆறாம் வகுப்பு மகளுக்கு ஆன்லைனில் '1200 மடங்கு' மைக்ரோஸ்கோப் வாங்கினேன். பெரிய மடங்கில் வைத்தால் ஒரே இருட்டு. பழுதா? (திருச்சி வாசகி)

பதில்: பழுதில்லை அம்மா, செய்ததே அப்படித்தான். இந்த மடங்குக் கணக்கைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கண்ணருகு லென்ஸ் 10 மடங்கு, பொருளருகு லென்ஸ் 40 மடங்கு என்றால் மொத்தம் 400. பெட்டியில் எந்த எண்ணை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். நல்ல பொருளருகு லென்ஸின் உடம்பில் 40/0.65 என்று பொறித்திருக்கும். லென்ஸ் எவ்வளவு அகலமாக ஒளியை வாங்குகிறது என்பதுதான் அந்த 0.65. அதை ஆயிரத்தால் பெருக்கினால் 650. மொத்த மடங்கு அதற்கு மேல் போனால் படம் பெரிதாகுமே தவிர புதிதாக ஒன்றும் தெரியாது; மங்கலான போட்டோவை போனில் விரலால் இழுப்பது போலத்தான். விளையாட்டுச் சாமானில் அந்த இரண்டாவது எண்ணே இருக்காது. என் அலமாரியிலும் ஒரு '900 மடங்கு' தூங்குகிறது, திருகைத் தொட்டால் கழுத்தே ஆடும். காகிதத்தை மடித்துச் செய்யும் ஃபோல்ட்ஸ்கோப் 140 மடங்கு என்றுதான் சொல்கிறது, சொன்னதைக் காட்டுகிறது.

சரி, வாங்கியாயிற்று. குறைந்த மடங்கில் வையுங்கள். வெங்காயத்தின் உள்தோலை ஒரு சொட்டுத் தண்ணீரில் பரப்பி, துளி டிங்சர் அயோடின் விட்டு, கவர் ஸ்லிப்பை (மேலே மூடும் மெல்லிய கண்ணாடித் துண்டு) ஒரு பக்கமாகச் சாய்த்து இறக்கச் சொல்லுங்கள். செல்கள் வரிசையாகத் தெரியும்.

கேள்வி: புது மைக்ரோஸ்கோப்பின் 40 மடங்கு லென்ஸ் ஸ்லைடுகளை உடைக்கிறது. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார். (மதுரை கல்லூரி மாணவர்)

பதில்: மறுத்தது நியாயம். கூடவே வந்த தாளைப் பிரித்தாவது பார்த்தீர்களா? முதலில் 4 மடங்கு, அப்புறம் 10, கடைசியில்தான் 40. அதற்கு வந்தபின் பெரிய திருகில் கை வைக்கவே கூடாது, சின்னத் திருகு மட்டும். கவர் ஸ்லிப் மேல்பக்கம் இருக்கிறதா என்றும் பாருங்கள்; ஸ்லைடைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திருகிக்கொண்டே போகிறவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: 100 மடங்கு லென்ஸுக்கும் ஸ்லைடுக்கும் நடுவே விடும் இம்மர்ஷன் ஆயிலுக்குப் பதில் தேங்காய் எண்ணெய் போதுமா?

பதில்: போதாது. அதைத் தலைக்குத் தடவுங்கள்.

கேள்வி: தனியாளாகச் சின்ன ரத்தப் பரிசோதனைக் கூடம் நடத்துகிறேன். புதிது என்று விற்ற மைக்ரோஸ்கோப்பின் லென்ஸுக்குள் கிளை கிளையாக வெள்ளை இழை. 'வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை' என்கிறார் விற்றவர். (கடலூர்)

பதில்: அவர் பாதிச் சட்டத்தைத்தான் சொல்கிறார். சுயதொழில் செய்து பிழைக்க வாங்கியவரை நுகர்வோராகவே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பார்க்கிறது. அந்த இழை பூஞ்சை, ஈரத்தில் கிடந்த சரக்கு. 'துடைத்துத் தருகிறேன்' என்றால் கொடுத்துவிடாதீர்கள். லென்ஸைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, வரிசை எண் தெரியப் படமெடுங்கள். எழுத்தில் கேளுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணமில்லை. வழக்கு எப்படிப் போகிறது என்று எழுதுங்கள், காத்திருப்பேன்.

கேள்வி: கொரோனா வைரஸைப் பார்க்க எந்த மைக்ரோஸ்கோப் வாங்கலாம்?

பதில்: எதுவும் வேண்டாம். சாதாரண ஒளி மைக்ரோஸ்கோப் சுமார் 0.2 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரைதான் பிரித்துக் காட்டும்; அந்த வைரஸ் சுமார் 0.1. காட்டுவேன் என்று சொன்ன கடை எது, அதை எழுதுங்கள்.