சேதமான பழைய நாணயம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: பாட்டியின் மாலையில் கோத்திருந்த 1862 விக்டோரியா வெள்ளி ரூபாய். விளிம்பில் வளையம் பற்றவைத்த தடம் இருக்கிறது. அரத்தால் ராவிவிடலாமா?

பதில்: கூடாது. முழு ரூபாயின் எடை 11.66 கிராம், ராவினால் எடையும் விளிம்புக் கோடுகளும் போய், ஒரு குறை இரண்டாகும். 1862 என்ற ஆண்டைப் பொறித்தே 1870கள் வரை அச்சிட்டார்கள். அதனால் இது அபூர்வமில்லை. பற்றுத்தடம் இருந்தால் வெள்ளி விலையை ஒட்டித்தான் கேட்பார்கள். விற்கும் முன் ஆண்டின் அருகிலுள்ள புள்ளிகளை லென்ஸில் எண்ணுங்கள். சில புள்ளி வகைகள் அரிது. இதுவே மிக அரிதான 1939 ரூபாய் என்றால், தடத்தோடும் வாங்க ஆள் உண்டு (போலியும் உண்டு, எச்சரிக்கை).

கேள்வி: ராஜராஜன் செப்புக்காசில் பச்சை பூக்கிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: புளி, எலுமிச்சை எதுவும் வேண்டாம். நூற்றாண்டுகளாகப் படிந்த மேற்பூச்சோடு எழுத்தும் கரையும். கெட்டியான கரும்பச்சை நல்லது, அப்படியே விடுங்கள். குச்சியால் தொட்டால் மாவாக உதிரும் வெளிர்பச்சைதான் நோய். உள்ளே தங்கிய குளோரைடு உப்பு, ஈரம் பட்டதும் செம்பை அரிக்கிறது. மூங்கில் குச்சியால் மாவை நீக்கி, காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போட்டு, வாரம் ஒருமுறை நீரை மாற்றுங்கள். மாதக்கணக்கில் ஆகும். நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல் பையோடு இறுக்கமான டப்பாவில் வையுங்கள். பிசுபிசுப்பான பச்சை என்றால் நாணயம் வைத்திருந்த பிவிசி (மென்பிளாஸ்டிக்) உறையின் வேலை. அசிட்டோனில் நனைத்தால் போகும், உறையைத் தூக்கி எறியுங்கள்.