அப்பாவுக்குப் பக்கவாதம்: எனக்கும் வருமா?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயதில் பக்கவாதம் வந்து வலது கை, கால் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. பெரியப்பா பக்கவாதத்தில் இறந்தார். எனக்கு வயது 41. எனக்கும் வருமா? வந்தால் அதே அளவு கடுமையாக இருக்குமா? இப்போதே ஆஸ்பிரின் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: ஆஸ்பிரின் வேண்டாம். பரம்பரையை மட்டும் காரணமாக வைத்து அதைச் சாப்பிட்டால் வயிற்றிலோ மூளையிலோ ரத்தக்கசிவு வரலாம். அப்பாவுக்கு வந்தது மூளை ரத்தக்குழாய் அடைப்பா, ரத்தக்கசிவா என்றும் நீங்கள் எழுதவில்லை. அவருடைய பழைய ஸ்கேன் அறிக்கையைத் தேடி எடுங்கள். உங்கள் மருத்துவர் முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும்.

பெற்றோருக்கு 65 வயதுக்குள் பக்கவாதம் வந்திருந்தால் பிள்ளைகளுக்கு ஆபத்து ஏறக்குறைய மூன்று மடங்கு என்று அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வு சொல்கிறது. பயப்பட வேண்டாம், 41 வயதில் அடிப்படை ஆபத்தே குறைவு. மேலும், பரம்பரையாக வருவதில் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, சீரற்ற இதயத்துடிப்பு ஆகியவையும் உண்டு. நான்கையும் பரிசோதித்துக் கண்டுபிடிக்கலாம், மருந்தும் உண்டு. புகைபிடித்தால் இன்றே விடுங்கள்.

ரத்த அழுத்தத்தை வீட்டிலேயே ஒரு வாரம் பாருங்கள். சிறுநீர் கழித்துவிட்டு, 5 நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கைப்பட்டை இதய மட்டத்தில் இருக்க, ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை, காலையும் மாலையும். முதல் நாள் அளவுகளைச் சேர்க்காமல் சராசரி எடுங்கள். 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் மருத்துவரிடம் போங்கள். பேசிக்கொண்டோ கால்மேல் கால் போட்டோ எடுத்தால் அளவு கூடிக் காட்டும்.

கடுமை என்பது அப்படியே வழிவழியாக வருவதல்ல. மூளையின் எந்த ரத்தக்குழாய் அடைபட்டது, எவ்வளவு நேரம் அடைபட்டிருந்தது என்பவையே பெரும்பாலும் அதைத் தீர்மானிக்கும். வலப்பக்கமும் பேச்சும் சேர்ந்து போனதால், அப்பாவுக்கு மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டிருக்கும். குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்தக் கணக்கு, கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து தொடங்குகிறது. தூங்கி எழும்போதே கை விழுந்திருந்தால், படுக்கப் போன நேரத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். எழுந்த நேரத்தைச் சொன்னால் கணக்கே தவறிவிடும்.

நெருங்கிய ரத்த உறவில் இருவருக்கு மூளை ரத்தக்குழாய் வீங்கியோ வெடித்தோ இருந்தால், குழாய்களைக் காட்டும் ஸ்கேன் பற்றிக் கேளுங்கள். குடும்பத்தில் பலருக்கு 50 வயதுக்கு முன்பே பக்கவாதமும் ஒற்றைத் தலைவலியும் இருந்தால் மரபணுப் பரிசோதனை தேவைப்படலாம். பெரியப்பாவின் விவரத்தையும் விசாரித்து வையுங்கள்.