மதுராந்தகம் முதல் உத்திரமேரூர் வரை: ஏரிகளைச் சுற்றி ஒரு சைக்கிள் பயணம் – கேள்வி பதில்

சென்னைக்குத் தெற்கே மதுராந்தகத்தில் தொடங்கி வேடந்தாங்கல், கரிக்கிலி பறவைச் சரணாலயங்கள், உத்திரமேரூர் வழியாகத் திரும்பவும் மதுராந்தகத்துக்கே வந்து சேரும் சுற்று இது. ஏறத்தாழ 60 கிலோமீட்டர். இதைப் பற்றிக் கேட்டவர்களுக்கான பதில்கள் கீழே.

வாரம் இரண்டு நாள் 25 கிலோமீட்டர் ஓட்டிப் பழக்கம். இந்த 60 என்னால் முடியுமா?

தாராளமாக முடியும். வழி முழுக்கச் சமதரை. ஏரிக்கரை மேல் ஏறும் சிறு சரிவுகளைத் தவிர மேடே கிடையாது. பத்து மணிக்கு மேல் வெயில்தான் ஆளைத் தளர்த்தும். விடியும்போதே மிதிக்கத் தொடங்கினால் நின்று நிதானமாகப் பார்த்துவிட்டும் நண்பகலுக்குள் முடித்துவிடலாம்.

முதலில் வேடந்தாங்கலா, உத்திரமேரூரா? எந்தப் பக்கமாகச் சுற்றுவது?

வேடந்தாங்கல்தான் முதலில். காரணம் காற்று. டிசம்பர், ஜனவரியில் வீசுவது வாடை, வடகிழக்கிலிருந்து வரும். வேடந்தாங்கலிலிருந்து கரிக்கிலிக்கு வடக்கு நோக்கிப் போகும்போது அது எதிர்க்காற்று. ஆனால் அதிகாலையில் அதன் வேகம் குறைவு, உங்கள் காலும் புதிது. அங்கிருந்து மேற்கே உத்திரமேரூருக்குத் திரும்பியதும் அதே காற்று முதுகைத் தள்ளும். காலைச் சூரியனும் பின்னால் இருக்கும். மாற்றிச் சுற்றினால் உத்திரமேரூரிலிருந்து கிழக்கே வரும்போது வெயில் கண்ணில், காற்று முகத்தில். அப்படி ஓட்டிவிட்டு இந்தப் பாதையே கடினம் என்று சொல்பவர்களுக்காக எனக்கு வருத்தமாக இருக்கும்.

எந்த மாதம் நல்லது?

டிசம்பர் பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி வரை. நவம்பரில் ஏரிகள் நிரம்பிக் கலங்கல் வழியாக உபரி நீர் பாயும். ஒரு ஏரி வழிந்தால் அடுத்த ஏரிக்குப் போவதுதான் இந்தப் பகுதியின் நீர் அமைப்பு. அந்தத் தண்ணீர் தரைப்பாலங்களைத் தாண்டும்போது கணுக்கால் அளவு என்று நம்பிச் சைக்கிளை இறக்காதீர்கள். அடியில் பாசி படிந்திருக்கும். மெல்லிய டயர் அதில் நிற்காது. திரும்பிப் போய்விடுங்கள்.

ரோடு பைக்கில் 25 மில்லிமீட்டர் டயர் போட்டிருக்கிறேன். போதுமா?

போகலாம், ஆனால் 28 அல்லது 32 போட்டால் உடம்பு நன்றி சொல்லும். பெரிய தொல்லை சீமைக்கருவேல முள். கரையோரம் வெட்டிப்போட்ட கிளைகளிலிருந்து சாலைக்கு வந்துவிடும். பஞ்சரானால் புது டியூபைப் போடுவதற்கு முன் டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். முள்ளின் நுனி ஒடிந்து ரப்பருக்குள்ளேயே நின்றிருக்கும். அதை எடுக்காமல் போட்டால் அடுத்த கிலோமீட்டரிலேயே இரண்டாவது டியூபும் போய்விடும். மாற்று டியூப் இரண்டு, கையடக்கப் பம்ப், சின்ன இடுக்கி ஒன்று அவசியம்.

அறுவடை நேரத்தில் சாலையில் நெல் காயவைத்திருப்பார்கள், வைக்கோல் பரப்பியிருப்பார்கள். நெல் மேல் ஏற்றாதீர்கள், அது ஒரு குடும்பத்தின் உழைப்பு. வைக்கோல் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். பின்சக்கரப் பல்லில் சுற்றிக்கொண்டால் கியர் நகராது.

வேடந்தாங்கலில் அரை மணி நேரம் போதாதா?

போதாது. குறைந்தது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கூழைக்கடா, சங்குவளை நாரை, நத்தைக்குத்தி நாரை, அரிவாள்மூக்கன் எல்லாம் நீரில் நிற்கும் மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு வளர்க்கும் காலம் அது. எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்று கண்டறிந்து பல தலைமுறைகளாகப் பறவைகளைக் காத்துவருபவர்கள் அந்த ஊர் விவசாயிகள். 1798-ல் அப்போதைய ஆட்சியர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் அந்த விவசாயிகளின் உரிமைக்கு எழுத்து வடிவில் ஒப்புதல் தந்தார். வேடந்தாங்கலும் கரிக்கிலியும் 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. கரை அருகே மணி அடிக்காதீர்கள், ஒலிபெருக்கியில் பாட்டு வேண்டவே வேண்டாம்.

உத்திரமேரூரை விட்டுவிட்டுச் சுற்றைச் சுருக்கலாமா?

நேரமில்லை என்றால் கரிக்கிலியோடு திரும்புங்கள், தவறில்லை. ஆனாலும் என் மனம் ஒப்பாது. அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து, 919, 921-ஆம் ஆண்டுகளின் குடவோலைக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவை சொல்லும் வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம்: ஏரியைப் பராமரிக்கவே ஊரார் தேர்ந்தெடுத்த குழு. காலையிலிருந்து கரை, மதகு, கலங்கல் என்று பார்த்துக்கொண்டே வந்தவருக்கு அந்தச் சுவர் வேறு மாதிரிப் புரியும். பல்லவர் காலத்து வைரமேகத் தடாகமும் அதே ஊர்தான்.

ஏரிக்கரை மேலேயே ஓட்டலாமா?

தார் போட்ட இடத்தில் மட்டும். மண் கரையில் இறங்கி நடங்கள்.

சென்னையிலிருந்தே ஓட்டி வரலாமா?

ஜி.எஸ்.டி. சாலை எனப்படும் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையின் வாகன வேகத்தில் எனக்கு அது உசிதமாகப் படவில்லை. சைக்கிளைக் காரில் வைத்து மதுராந்தகம் வந்துவிடுங்கள். மடிக்கும் சைக்கிள் என்றால் ரயிலே போதும். மதுராந்தகத்தில் நிலையம் இருக்கிறது.

தண்ணீர், சாப்பாடு?

இரண்டு பாட்டில் நிரப்பிக்கொள்ளுங்கள். வேடந்தாங்கலில் மீண்டும் நிரப்புங்கள். கரிக்கிலிப் பக்கம் கடைகளை நம்ப வேண்டாம். உத்திரமேரூர் பேருந்து நிலையம் பக்கம் டிபன் சாப்பிடுங்கள், வயிறு முட்ட வேண்டாம். இன்னும் 25 கிலோமீட்டர் வெயிலில் பாக்கி இருக்கிறது.