வட்டாரக் கூட்டமும் கன்று மேசையும்: வாசகர் கேள்விகள்

தொண்டு அடிப்படையில் நடக்கும் தோட்டச் சங்கங்களில், வட்டாரக் கூட்டத்தை உறுப்பினர்கள் முறைவைத்துத் தங்கள் வீட்டில் நடத்துவார்கள். அங்கே உறுப்பினர்கள் கொண்டுவரும் கன்றுகளும், நடுவதற்கு வெட்டிய தடிகளும் கைமாறும் இடம்தான் கன்று மேசை. இம்மாதம் வந்த கேள்விகளில் அதிகமானவை இவற்றைப் பற்றியவை.

கேள்வி: அடுத்த கூட்டம் எங்கள் வீட்டில். பின்வளவு 3 பேர்ச், மேலே சிலாப்பிலும் சாடிகள் வைத்திருக்கிறோம். 40 பேர் வருவார்கள். சமாளிக்க முடியுமா? எந்த நாள் நல்லது? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: முடியும், ஆனால் 40 பேரும் ஒரே நேரத்தில் வளவுக்குள் இறங்கக் கூடாது. 3 பேர்ச் என்பது ஏறக்குறைய 76 சதுர மீற்றர். சாடிகளுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் விட்டது போக மிஞ்சுவது ஒரு நடைபாதை மட்டுமே. எல்லோரும் சேர்ந்து நின்றால் முன்னால் நிற்பவரின் முதுகுதான் தெரியும். வருபவர்களை மூன்று குழுவாகப் பிரியுங்கள். ஒரு குழு வளவில், ஒரு குழு கூடத்தில் பேச்சு கேட்க, ஒரு குழு கன்று மேசையில். 25 நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடித்து இடம் மாற்றுங்கள்.

சிலாப்பில் கவனம் வேண்டும். 20 லீற்றர் சாடி நனைந்து நின்றால் 20 கிலோவுக்குக் குறையாது. 50 சாடி ஒரு தொன். அதன்மேல் ஆட்களின் பாரமும் சேரும். ஒரு தடவைக்கு 10, 12 பேருக்கு மேல் ஏற்றாதீர்கள். சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் கூட்டமாக நிற்க விடாதீர்கள். தொடர்மாடி என்றால் நிருவாகக் குழுவின் அனுமதியை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

ஏப்ரலிலும், ஒக்டோபர் நவம்பரிலும் கொழும்பில் பின்னேரம் இடியோடு மழை கொட்டும். காலை 9 மணிக்குத் தொடங்கி 12.30க்கு முடித்துவிட்டால் பெரும்பாலும் தப்பலாம். மே, ஜூனில் தென்மேற்குப் பருவமழை நேரம் பார்த்து வராது. எல்லோரும் உள்ளே இருக்க இடம் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பொயா நாள் விடுமுறை என்பதால் வசதி, ஆனால் வெசாக், பொசன் பொயாக்களைத் தவிருங்கள். உங்கள் பக்கத்தில் ஆடிவேல் தேர் வரும் நாட்களில் காலி வீதியில் பஸ் திருப்பிவிடப்படும்; திகதி குறிக்குமுன் விசாரியுங்கள்.

பலர் மறப்பது தண்ணீரை. மலசலகூடத்தில் ஒருமுறை தண்ணீர் இழுத்தால் 6 முதல் 9 லீற்றர் போகும். மண் பட்ட கை கழுவுவதையும் சேர்த்தால், 500 லீற்றர் தொட்டி கூட்டம் முடியுமுன் வற்றிவிடும். காலையில் நிரப்புங்கள், 10.30க்கு மோட்டரை மறுபடி போடுங்கள். பக்கத்து வீட்டு மலசலகூடத்தையும் கேட்டு வையுங்கள்.

அடுத்தது நுளம்பு. டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக 7 முதல் 10 நாள் போதும். ஆகையால் கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள். சாடித் தட்டுகளைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. முட்டைகள் தட்டின் ஓரத்தில் ஒட்டிக் காய்ந்தபடியே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், மறுபடி நனைந்ததும் பொரிக்கும். தும்புத் தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். அன்னாசி வகைப் புரோமீலியாச் செடியின் நடுக்குழி, மடித்துப் போட்ட தறப்பாள், கூரைப் பீலி ஆகியவற்றைக் கூட்டத்துக்கு முதல்நாள் மறுபடி பாருங்கள். 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டப்படி இது வீட்டுக்காரரின் கடமையும்கூட.

கேள்வி: போன கூட்டத்தில் வாங்கிய செவ்வரத்தைத் தடிகள் அழுகிப்போயின. கூடவே ஒரு சாடியில் வந்த மாவுப்பூச்சி என் மிளகாய்ச் செடிகளுக்கும் பரவிவிட்டது. கன்று மேசையை எப்படி ஒழுங்கு செய்வது? (வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: கூட்டத்தின் உயிரே இந்த மேசைதான். பேச்சு மறந்துபோகும், வீட்டுக்குக் கொண்டுபோன கன்று நிற்கும். அதனால் இதற்கு மட்டும் இரண்டு பேரைப் பொறுப்பாக நிறுத்துங்கள். அவர்கள் பார்க்காமல் எதுவும் மேசைக்கு ஏறக் கூடாது.

தடி அழுகியதற்குக் காரணம் பெரும்பாலும் பொதி செய்த விதம். 15 முதல் 20 சென்ரிமீற்றர் நீளம், மூன்று நான்கு கணு, கீழ் இலைகளைக் கிள்ளியது: இப்படி வெட்டி, வெட்டுவாயை மட்டும் ஈரப் பத்திரிகைத் தாளால் சுற்றுங்கள். இலை முழுவதையும் நனைத்துப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டினால், நம் வெக்கையில் உள்ளேயே அவிந்துவிடும். பை வாய் திறந்திருக்கட்டும். வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்கவே வேண்டாம்.

கறிவேப்பிலைத் தடி கொண்டுவருவதை விட்டுவிடலாம். எளிதில் வேர் விடாது. மரத்தடியில் முளைக்கும் வேர்க்கன்று, அல்லது அன்றன்று பழுத்த விதை நல்லது. விதை சில வாரங்களில் முளைக்கும் சக்தியை இழந்துவிடும்.

பொறுப்பாளர் பார்க்க வேண்டியவை: இலைக்கக்கத்தில் பஞ்சுபோல வெள்ளை ஒட்டியிருக்கிறதா? சாடியின் அடித்துளையில் எறும்பு ஏறி இறங்குகிறதா? எறும்பு இருந்தால் மாவுப்பூச்சியோ, இலைச்சாறு உறிஞ்சும் சிறுபூச்சியான அழுக்கணவனோ அருகில் இருக்கும் என்று கொள்ளுங்கள். செடியைச் சாடியிலிருந்து மெல்லக் கழற்றி வேரையும் பாருங்கள். மணிமணியாக முடிச்சு இருந்தால் வேர்முடிச்சுப் புழு. மண்ணில் கடலைப் பருப்பளவு வெளிர்மஞ்சள் முட்டைகள் குவியலாக இருந்தால் ஆபிரிக்க நத்தை. கையுறை போட்டு அகற்றுங்கள்.

வாழைக் குட்டியை மேசையில் வைக்கவே அனுமதிக்காதீர்கள் என்பது எங்கள் உறுதியான கருத்து. குருத்து இலைகள் குறுகிக் கொத்தாக நிமிரும் வைரஸ் நோய்க்கு மருந்து கிடையாது. தொற்றிய குட்டி சில வாரங்களுக்கு நல்ல குட்டி போலவே தெரியும். அழுக்கணவன் அதைப் பக்கத்து வளவுக்கும் கொண்டுபோகும்.

பொன்னாங்காணியிலும் ஏமாறுவதுண்டு. சிங்களத்தில் ‘கிம்புல்வென்ன’ எனப்படும் களை பார்வைக்கு அதே மாதிரி, நீர்நிலையில் பட்டால் அடங்காமல் பரவும். தண்டை ஒடித்துப் பாருங்கள்: களையின் முற்றிய தண்டில் நடுவே பெரிய துளை இருக்கும். அதன் வெள்ளைப் பூ நீண்ட காம்பில் நிற்கும். பொன்னாங்காணியின் பூ இலைக்கக்கத்திலேயே காம்பின்றி ஒட்டியிருக்கும். ஆகாயத்தாமரை அழகாக இருக்கிறது என்று வாளியில் கொண்டுவருபவர்களும் உண்டு. இலங்கையில் அதைத் தடுக்க 1909 இலேயே தனிக் கட்டளைச் சட்டம் வந்தது. திருப்பி அனுப்புங்கள்.

யோகட் கோப்பையை நீளமாக வெட்டினால் நல்ல பெயர்த்துண்டு கிடைக்கும். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை மழையில் கரையும். பெயரைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, வெயிலா நிழலா, எந்த ஊர் வளவிலிருந்து வந்தது என்பதையும் சேருங்கள். பின்னர் நோய் தெரியவந்தால் எங்கிருந்து வந்தது என்று தேட இது ஒன்றே வழி.

உங்கள் மிளகாய்ச் செடிகளுக்கு: மோசமான நுனிகளைக் கிள்ளி எரித்துவிடுங்கள். லீற்றருக்கு 5 கிராம் சவர்க்காரம் கரைத்துப் பின்னேரத்தில் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள்; ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை.

கேள்வி: 40 பேருக்குச் சாப்பாட்டு அளவு? (வாசகி, தெகிவளை)

பதில்: மத்தியானச் சோறென்றால் அரிசி 5 கிலோ. தேநீரோடு முடிப்பதானால் கடலை 2 கிலோ ஊறவைத்துத் தேங்காய்ச்சொட்டு போட்டுத் தாளியுங்கள், ஆளுக்கு ஒரு வாழைப்பழம். ஒரு கோப்பை 150 மில்லிலீற்றர் என்றால் ஒரு சுற்றுத் தேநீருக்கு 6 லீற்றர் தண்ணீர், 80 முதல் 100 கிராம் தேயிலை. குடிநீர் ஆளுக்கு ஒரு லீற்றர்.

கேள்வி: முதல்முறையாகக் கூட்டத்துக்குப் போகிறேன். தடி கேட்கலாமா? (வாசகர், மட்டக்குளி)

பதில்: தாராளமாகக் கேளுங்கள், ஆனால் நீங்களே வெட்டாதீர்கள். வீட்டுக்காரர் எந்தக் கிளையை விடலாம் என்று அறிந்து வெட்டித் தருவார். கத்தரிக்கோல் கொண்டுபோனால் ஒவ்வொரு செடிக்கும் இடையில் ஸ்பிரிட்டால் துடையுங்கள். கன்று ஏந்த ஓர் அட்டைப்பெட்டி, பழைய பத்திரிகை, குடை, தண்ணீர்ப் போத்தல் போதும். கொண்டுவந்ததை 14 நாள் மற்றச் செடிகளிலிருந்து இரண்டு மீற்றராவது தள்ளி வைத்து, 7 ஆம் நாளும் 14 ஆம் நாளும் இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள்.

கேள்வி: மாத்தறையிலிருந்து வரும் உறுப்பினர் தென்னங்கன்றும் கமுகங்கன்றும் கொண்டுவருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா? (வாசகி, பம்பலப்பிட்டி)

பதில்: வேண்டாம். தென் மாகாணத்தில் வெலிகம தென்னோலை வாடல் நோய் இருப்பதால், அங்கிருந்து தென்னை இனக் கன்றுகளை வெளியே கொண்டுபோகத் தடை உண்டு. கமுகும் அந்த இனத்தைச் சேர்ந்ததே. அவர் வண்டியில் ஏற்றுமுன் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். அதற்குப் பதிலாகக் கறுவாக் கன்று நாலைந்து கொண்டுவரட்டும்.