சுவர் சாயுதே, அண்ணாச்சி!

கேள்வி: பாளையங்கோட்டையில் புதிதாகக் கட்டி முடித்த வீட்டைப் படம் எடுத்துக் கொடுக்கிறேன். ஹாலில் சுவரெல்லாம் சாய்ந்து தெரிகிறது, ஜன்னல் வெள்ளையாக வெளிறிப்போகிறது. என்ன செய்ய, அண்ணாச்சி?
– வாசகர், மேலப்பாளையம்

பதில்: கேமராவை அண்ணாந்தோ குனிந்தோ பிடிக்கிறீர்கள், அதுதான் சங்கதி. ட்ரைபாடில் நாலடி உயரத்தில், மட்டம் பார்த்து நேராக வையுங்கள், சுவர் தானே நிமிர்ந்துவிடும். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் துளையின் அளவு) 8 போதும்; ஷட்டர் ஒரு விநாடி திறந்திருந்தாலும் பரவாயில்லை, வீடு எங்கே ஓடப்போகிறது? ஜன்னலுக்கு ஒன்று, அறைக்கு ஒன்று, நடுவாக ஒன்று என மூன்று வெளிச்ச அளவில் எடுத்து அப்புறம் கம்ப்யூட்டரில் ஒரே படமாகச் சேர்த்துக்கொள்ளலாம். உள்விளக்கை அணைத்துவிடுங்கள், பகல் வெளிச்சத்தோடு மஞ்சள் பல்பும் கலந்தால் ஒரே சுவர் பாதி நீலம் பாதி மஞ்சளாகி, பெயின்டர் மேல் பழி விழும். நம்மூர் உச்சி வெயிலில் வெளிப்புறம் வேண்டவே வேண்டாம்; கிழக்குப் பார்த்த வாசல் என்றால் காலை ஏழு மணிக்கே போய் நில்லுங்கள்.

நான் ஒருமுறை எல்லாம் எடுத்து முடித்து வீட்டுக்கு வந்து பார்த்தால், சுவிட்ச் போர்டில் பிளாஸ்டிக் உறைகூட உரிக்கவில்லை. தரை மொட்டையாகத் தெரிந்தால் பத்தமடைப் பாய் ஒன்றை விரித்துப் பாருங்கள், அறையின் அளவு கண்ணுக்குப் பிடிபடும்.