ஒயரை வெட்டாமல் கார் ஸ்டீரியோவை மாற்ற முடியுமா?

கேள்வி: 2022ஆம் ஆண்டு வாங்கிய சிறிய பெட்ரோல் கார் என்னிடம் இருக்கிறது. கம்பெனி ஸ்டீரியோவில் பாட்டும் புளூடூத்தும் உண்டு. வரைபடம் பார்க்கும் திரை இல்லை. வெளிக்கடை ஒன்றில் ஒன்பது அங்குல ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ, 4 ஜிபி ரேம், ஸ்பீக்கருக்கு 60 வாட் வீதம் நான்கு ஸ்பீக்கர் என்று சொல்லி, பொருத்தும் கூலியோடு 9,500 ரூபாய் கேட்கிறார்கள். ஷோரூமில் விசாரித்தால், வெளியில் மாற்றினால் வாரன்டி முழுவதும் போய்விடும், கார் தீப்பிடித்தாலும் நாங்கள் பொறுப்பில்லை என்கிறார்கள். ஒயரை வெட்டத்தான் வேண்டுமா? ஸ்டீயரிங் பொத்தான்கள் வேலை செய்யுமா? (திருப்பூர் வாசகர்)

பதில்: தாராளமாக மாற்றலாம். ஒயரை வெட்ட வேண்டியதில்லை. வெட்டுவதற்கு நீங்கள் சம்மதிக்கவும் கூடாது. ஸ்டீயரிங் பொத்தான்களையும் வேலை செய்ய வைக்கலாம். காரின் பெயரை நான் இங்கே குறிப்பிடாததற்குக் காரணம், அதே அளவுள்ள எல்லாக் கார்களுக்கும் இந்தப் பதில் பெரும்பாலும் பொருந்தும் என்பதுதான்.

ஸ்டீரியோவைப் பற்றி யோசிப்பதற்கு முன், அதன் பின்னால் இருக்கும் இணைப்பைப் பற்றி யோசியுங்கள். கம்பெனி ஸ்டீரியோவின் முதுகில் ஒன்றோ இரண்டோ பிளாஸ்டிக் கப்ளர்கள் செருகப்பட்டிருக்கும்; பேட்டரி மின்சாரம், சாவியைத் திருப்பினால் வரும் மின்சாரம், எர்த், நான்கு ஸ்பீக்கர்களின் எட்டு ஒயர்கள் ஆகிய எல்லாம் அவற்றின் வழியாகத்தான் வருகின்றன. உங்கள் காரின் கப்ளர் ஒரு முனையிலும் புது ஸ்டீரியோவின் கப்ளர் மறு முனையிலும் கொண்ட இடைக் கப்ளர், காரின் பெயரைச் சொல்லிக் கேட்டால் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் தொங்கிக்கொண்டிருக்கும் இந்தப் பொருள், உங்கள் ஊரிலும் சொல்லி வைத்தால் இரண்டு நாளில் வந்துவிடும். ஆனாலும் பல கடைகளில் இதை வாங்கி வைப்பதில்லை. கட்டிங் பிளேயரால் கம்பெனிக் கப்ளரை வெட்டி எறிந்துவிட்டு, ஒயர்களை முறுக்கிச் சுற்றி டேப் ஒட்டினால் இருபது நிமிடத்தில் அடுத்த காருக்குப் போய்விடலாம் என்பதே அவர்களுடைய கணக்கு.

கருப்பு இன்சுலேஷன் டேப்பை நம் ஊர் வெயிலில் நம்பவே கூடாது. சித்திரை மாதத்து மதியத்தில் மூடிய காரின் டேஷ்போர்டுக்குள் ஏறும் சூட்டில் டேப்பின் பசை இளகிக் கூழாகிவிடும். சில மாதங்களில் டேப் தானாகவே அவிழ்ந்து, செம்புக் கம்பி வெளியே தெரியும். அது இரும்புச் சட்டத்தைத் தொட்டால், அந்த ஒயருக்கான பியூஸ் உருகி உங்களைக் காப்பாற்ற வேண்டும். ஆனால் பியூஸ் அடிக்கடி போகிறது என்று 15 ஆம்பியர் இருந்த இடத்தில் 30 ஆம்பியரைச் செருகியிருந்தாலோ, பேட்டரியிலிருந்து பியூஸே இல்லாமல் நேராக ஒயர் இழுத்திருந்தாலோ, பியூஸுக்குப் பதிலாக ஒயர்தான் உருகும். ஸ்டீரியோ மாற்றிய கார் எரிந்தது என்று கேள்விப்படும்போது நான் முதலில் சந்தேகப்படுவது ஸ்டீரியோவை அல்ல, இந்த இணைப்பைத்தான்.

நிறம் பார்த்து ஒயரை இணைப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. வெளியில் விற்கும் ஸ்டீரியோக்களில் மஞ்சள் எப்போதும் பேட்டரி மின்சாரம், சிவப்பு சாவி மின்சாரம், கருப்பு எர்த் என்பது வழக்கம். காருக்குள் இருக்கும் கம்பெனி ஒயர்களின் நிறங்களோ தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடும். அங்கே மஞ்சளைக் கண்டதும் பேட்டரி என்று நினைத்துவிடக் கூடாது. டெஸ்டர் வைத்துப் பார்க்கும் பொறுமையற்ற சிலர், குழப்பம் வந்தால் மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து முறுக்கிப் பேட்டரி ஒயரில் கொடுத்துவிடுகிறார்கள். ஸ்டீரியோ அப்போதைக்குப் பாடும். ஆனால் சாவியை எடுத்த பிறகும் அது உறங்காது. இப்படி ஒரு கார் என் பட்டறைக்கு வந்தது. அதன் உரிமையாளர் ஓராண்டுக்குள் இரண்டு பேட்டரிகள் மாற்றி, பேட்டரிக் கடையோடு சண்டையும் போட்டிருந்தார். அளந்து பார்த்தபோது, நிறுத்தி வைத்த காரில் ஏறக்குறைய அரை ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. சிறிய பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் 35 ஆம்பியர் மணி பேட்டரிதான் இருக்கிறது. அரை ஆம்பியர் வீதம் எழுபது மணி நேரத்தில், அதாவது மூன்றே நாளில், அது முற்றிலும் வற்றிவிடும். அவர் வெள்ளிக்கிழமை ஊருக்குப் போய்த் திங்கள்கிழமை திரும்பும்போதெல்லாம் வண்டி ஏன் கிளம்பவில்லை என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

ஷோரூமின் எச்சரிக்கையில் பாதி உண்மை இருக்கிறது. ஒயரிங்கில் கை வைத்தால், அதனால் விளையும் மின்பழுதுகளுக்கு வாரன்டி தர மறுப்பார்கள். வெட்டிய ஒயரைப் பார்த்துவிட்டால், அதற்கும் பழுதுக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று ஆராயக்கூட அவர்கள் மெனக்கெட மாட்டார்கள். வெட்டாத ஒயர் உங்களுக்குத் தேவைப்படுவதற்கு இது இரண்டாவது காரணம். ஆனால் ஸ்டீரியோ மாற்றியதற்காக கியர்பாக்ஸ் பழுதுக்கும் வாரன்டி கிடையாது என்று யாராவது சொன்னால், வாரன்டி கையேட்டின் எந்த வரி அப்படிச் சொல்கிறது என்று காட்டி, மறுப்பை எழுத்தில் தரும்படி கேளுங்கள். வாயால் மிரட்டுபவர்கள் எழுத்து என்றதும் பெரும்பாலும் தணிந்துவிடுகிறார்கள். தணியாவிட்டால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். காருக்கு நீங்கள் செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகார்க் கட்டணமும் கிடையாது.

இதே ஷோரூம்களின் துணைக்கருவிப் பிரிவில் என்ன நடக்கிறது என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெளியில் பொருத்தினால் ஆபத்து என்று சொல்லும் அதே இடத்துக்கு வெளியிலிருந்து ஒரு பையன் வந்து, அதே பிளேயரால் அதே ஒயரை வெட்டிவிட்டுப் போவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வித்தியாசம், அதற்கு ரசீதும் இரட்டிப்பு விலையும் உண்டு. வீட்டுக்கு மின் இணைப்பு வேலை செய்பவருக்கு உரிமம் வேண்டும் என்கிறோம். நான்கு பேர் உட்கார்ந்து நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியின் ஒயரைத் தொடுபவரிடம் மட்டும் ஒரு தாளைக்கூட யாரும் கேட்பதில்லை. இது எனக்குப் பல ஆண்டுகளாக ஆறாத ஆற்றாமை.

காப்பீட்டையும் மறந்துவிடாதீர்கள். கம்பெனி தராத மின்கருவியைப் பாலிசியில் தனியாகச் சேர்க்காவிட்டால், திருட்டிலோ விபத்திலோ அது போனால் பணம் வராது. அதைச் சேர்க்க வழக்கமாகக் கருவியின் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம், அதாவது 15,000 ரூபாய் ஸ்டீரியோவுக்கு ஆண்டுக்கு 600 ரூபாயும் வரியும் ஆகும். பெரிய தொகை அல்ல; அதைவிட முக்கியம், கருவி இருப்பதை முன்கூட்டியே தெரிவித்துவிட்டால், பின்னால் எதையோ மறைத்தீர்கள் என்று யாரும் சொல்ல முடியாது என்பது.

இனி அந்த 9,500 ரூபாய் ஸ்டீரியோ. ஸ்பீக்கருக்கு 60 வாட் என்றால் நான்குக்கும் சேர்த்து 240 வாட். அந்த ஸ்டீரியோவின் பின்புறமோ மஞ்சள் ஒயரிலோ இருக்கும் பியூஸைப் பாருங்கள்: 10 அல்லது 15 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். ஓடும் காரில் ஏறக்குறைய 14 வோல்ட் இருக்கும். 10 ஆம்பியரால் பெருக்கினால் 140 வாட், 15 ஆம்பியரால் பெருக்கினாலும் 210 வாட்தான். உள்ளே போகும் மின்சாரமே அவ்வளவுதான் என்னும்போது 240 வாட் ஒலி எங்கிருந்து வரும்? தனி ஆம்பிளிபயர் இல்லாத பெரும்பாலான ஸ்டீரியோக்கள், எவ்வளவு பெரிய பெயர் கொண்டவையாக இருந்தாலும், சாதாரண 4 ஓம் ஸ்பீக்கருக்குத் தெளிவான ஒலியாகத் தருவது 20 வாட்டை ஒட்டித்தான்.

ரேம் கணக்கு இதைவிட மோசம். விலை மலிந்த ஆண்ட்ராய்டு ஸ்டீரியோக்களில், செட்டிங்ஸ் பக்கத்தில் தெரியும் எண்களையே பொய்யாக எழுதிவிடுகிறார்கள். 4 ஜிபி என்று காட்டும் பெட்டிக்குள் 1 ஜிபி இருக்கும். ஆண்ட்ராய்டின் பதிப்பு எண்ணும் அப்படித்தான். கடைக்காரர் காட்டும் திரையைப் பார்த்து முடிவு செய்யாமல், வன்பொருளைப் படித்துச் சொல்லும் ஏதாவது ஒரு செயலியை அங்கேயே நிறுவச் சொல்லி, சிப்பின் பெயரைப் பாருங்கள். 8227எல் என்று வந்தால், அது பழைய, வேகம் குறைந்த சிப். வரைபடமும் பாட்டும் சேர்ந்து ஓடினால் திணறும்.

உங்களுக்குத் தேவை வரைபடம்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவே உங்களுக்கு வேண்டாம். போனின் வரைபடத்தைக் காரின் திரையில் காட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் கார்பிளேயும் முறையாக உரிமம் பெற்ற ஏழு அங்குல ஸ்டீரியோ ஒன்றை வாங்குங்கள். சோனி, பயோனியர், கென்வுட் போன்ற பெயர்களில் கிடைக்கும். விலை கூடும். ஆனால் அதில் வேலை செய்வது உங்கள் போனின் ரேமும் போனின் வரைபடமும் என்பதால், ஏமாற்றுவதற்கான இடமே அங்கில்லை. மிரர் லிங்க் என்று மட்டும் பெட்டியில் எழுதியிருப்பதை ஆண்ட்ராய்டு ஆட்டோ என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

உங்கள் கார் 2022ஆம் ஆண்டுடையது என்பதால் ஒரு விஷயத்தை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2019 ஜூலை 1 முதல் நம் நாட்டில் விற்கும் புதிய கார்கள் எல்லாவற்றிலும் பின்பக்க பார்க்கிங் சென்சார் கட்டாயமாயிற்று. அந்தச் சென்சாரின் பீப் ஒலி சில கார்களில் தனி பஸ்ஸரிலிருந்து வரும். சிலவற்றில் ஸ்டீரியோ வழியாக வரும். சிலவற்றில் ஒலி தனியாகவும், தூரத்தைக் காட்டும் கோடுகள் ஸ்டீரியோவின் முகப்பிலும் இருக்கும். ஒரே காரின் இரண்டு ரகங்களுக்கு இடையிலேயே இது மாறலாம் என்பதால், கடைக்காரரின் பொதுவான உறுதிமொழியை நம்பாதீர்கள். செய்ய வேண்டிய சோதனை எளியது: பழைய ஸ்டீரியோவை வெளியே இழுத்து, அதன் கப்ளர்களை மட்டும் கழற்றி வைத்துவிட்டு, சாவியைத் திருப்பி, பிரேக்கை அழுத்தியபடி ரிவர்ஸ் கியர் போடுங்கள். பின்னால் ஒருவரைப் பம்பருக்கு அருகில் நிற்கச் சொல்லுங்கள். பீப் ஒலி கேட்டால் கவலை இல்லை. கேட்காவிட்டால், சென்சாரையும் சேர்த்து ஏற்கும் கேன்பஸ் பெட்டி (காரின் கணினி பேசுவதைப் புது ஸ்டீரியோவுக்குப் புரியவைக்கும் சிறு பெட்டி) அந்தக் காருக்குக் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள்; கிடைக்காவிட்டால் பழைய ஸ்டீரியோவையே திரும்பச் செருகிவிட்டு வீட்டுக்கு வாருங்கள். பின்னால் குழந்தை நிற்பதைச் சொல்லும் கருவியைத் திரைக்காக விட்டுக்கொடுக்க வேண்டாம். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் கப்ளரை வெட்டிய பிறகு செய்தால் பயனில்லை.

ஸ்டீயரிங் பொத்தான்கள் எளிய வகையாக இருந்தால், புது ஸ்டீரியோவின் இரண்டு ஒயர்களை இணைத்து ஒவ்வொரு பொத்தானையும் அழுத்திப் பழக்கிவிடலாம். கணினி வழி பேசும் வகையாக இருந்தால் மேலே சொன்ன கேன்பஸ் பெட்டி வேண்டும். பொருத்திய பிறகு எஃப்எம் இரைந்தால், பெரும்பாலும் ஏரியலுக்கு மின்சாரம் தரும் நீல ஒயரை இணைக்காமல் விட்டிருப்பார்கள்; ஸ்டீரியோ மேல் குறை இருக்காது.

வேலை தொடங்குமுன் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றச் சொல்லுங்கள். பழைய ஸ்டீரியோவை 500 ரூபாய் கழிவுக்குக் கடையில் விட்டுவிடாதீர்கள். காரை விற்கும்போதும் வாரன்டிக்குக் கொண்டுபோகும்போதும் அதைத் திரும்பச் செருகினால், இடைக் கப்ளர் போட்ட காரில் எந்தத் தடயமும் இருக்காது. ரசீதில் ஸ்டீரியோவின் மாதிரி எண்ணோடு, கம்பெனி ஒயர் வெட்டப்படவில்லை என்றும் எழுதி வாங்குங்கள். எல்லாம் முடிந்து காரைப் பூட்டி அரை மணி நேரம் கழித்து, மைனஸ் முனையில் மல்டிமீட்டரை வைத்து அளக்கச் சொல்லுங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுங்கள்; அதற்கு மேல் காட்டினால், காரணத்தைக் கண்டுபிடிக்கும் வரை வண்டி அந்தக் கடையிலேயே நிற்கட்டும்.