ஜெர்மனிக்கு வேலைக்கு வந்தாயிற்று, இனி என்ன? கேள்வி பதில்

நான் ஜெர்மனிக்கு வேலைக்கு வந்து பத்து வருடமாகிறது. புதிதாக வருகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிறவற்றில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். விசா, சம்பளப் பேச்சு எல்லாம் இன்னொரு நாள்.

கேள்வி: அக்கா, அடுத்த வாரம் மியூனிக் வருகிறேன். முதலில் சிம் கார்டா, வங்கிக் கணக்கா?

பதில்: இரண்டும் அப்புறம். முதலில் முகவரி. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். அன்மெல்டுங் என்பார்கள். அதற்கு ‘இவர் என் வீட்டில் குடிவந்திருக்கிறார்’ என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் தேவை. வாடகை ஒப்பந்தத்தை மட்டும் நீட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் தற்காலிக அறை பிடிக்கும்போதே அந்தத் தாள் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள். கிடைக்காது என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்த அறை வேண்டாம்.

பதிவு முடிந்தால் 11 இலக்க வரி எண் தபாலில் வரும். அது அலுவலகத்துக்குப் போய்ச் சேரத் தாமதமானால் சம்பளத்தில் கூடுதலாக வரி பிடிக்க நேரலாம். பிறகு கணக்கு சரியாகிவிடும். ஆனால் முதல் மாதம்தானே கைக்காசு அதிகம் தேவைப்படும்?

தபால் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். இங்கே அடுக்குமாடி முகவரியில் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. தபால்காரர் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். பெயர் இல்லையென்றால் கடிதம் வந்த வழியே திரும்பிவிடும். வந்த புதிதில் நான் வங்கி அட்டைக்காக மூன்று வாரம் காத்திருந்து, வங்கிக்காரரோடு சண்டைக்கே போய்விட்டேன். என் பெட்டியில் பழைய குடித்தனக்காரர் பெயர் அப்படியே இருந்ததை அதன் பிறகுதான் பார்த்தேன். சாவி கைக்கு வந்ததும் ஒரு துண்டுக் காகிதத்திலாவது பெயர் எழுதி ஒட்டிவிட்டு மறுவேலை பாருங்கள்.

கேள்வி: எந்தப் பெயரை ஒட்டுவது? பாஸ்போர்ட்டில் எனக்குக் குடும்பப் பெயராக என் அப்பா பெயர் இருக்கிறது, மனைவிக்கு அவள் அப்பா பெயர்.

பதில்: இரண்டு அப்பாக்களையும் ஒட்டுங்கள்! இனிஷியல் இங்கே யாருக்கும் புரியாது. பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்து, உள்ள வரிசை, அதையே வங்கி, காப்பீடு, வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றிலும் கொடுங்கள். பெயரை வைத்து நீங்கள் கணவன் மனைவி என்று அவர்களால் ஊகிக்க முடியாது. அதனால் திருமணச் சான்றிதழும் அதன் மொழிபெயர்ப்பும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். டாக்டர் கிளினிக்கில் உங்கள் அப்பாவைக் கூப்பிடுவார்கள், எழுந்து போக வேண்டியது நீங்கள். எனக்கு இது பழக ஒரு வருடம் பிடித்தது. ஊரில் அப்பாவிடம் சொன்னேன், மனிதருக்குப் பெருமை தாங்கவில்லை.

கேள்வி: விளம்பரத்தில் வாடகை 700 யூரோ. நேரில் போனால் 900 என்கிறார்கள். ஏமாற்றா?

பதில்: இல்லை. 700 என்பது கால்ட்மீட்டே, அதாவது ‘குளிர் வாடகை’. வெப்பமூட்டல், தண்ணீர், குப்பை எல்லாம் சேர்ந்தால் வார்ம்மீட்டே, ‘சூடான வாடகை’. மின்சாரமும் இணையமும் பெரும்பாலும் அதற்கும் வெளியே. முன்பணமாக மூன்று மாதக் குளிர் வாடகைக்கு மேல் கேட்கச் சட்டத்தில் இடமில்லை, அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம்.

சமையலறை இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். பல வீடுகளில் போகிறவர் அடுப்பு, அலமாரி, பாத்திரம் கழுவும் தொட்டி வரை கழற்றிக்கொண்டு போய்விடுவார். சுவரில் குழாய் முனை மட்டும் நிற்கும்.

‘நான் வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்புங்கள், சாவி தபாலில் வரும்’ என்பவர்தான் ஏமாற்றுக்காரர். வீட்டைப் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். ஆனால் டிவியே இல்லாத வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம் கேட்டு வரும் கடிதம் நிஜம். வீட்டுக்கு ஒருவர் கட்டினால் போதும்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை கிரைண்டர் போட்டேன். கதவில் சீட்டு ஒட்டிவிட்டார்கள். எங்களைப் பிடிக்கவில்லையோ?

பதில்: அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். இரவு 10 முதல் காலை 6 வரையும், ஞாயிறு முழுக்கவும் அமைதி நேரம். துளை போடுவது, புல் வெட்டுவது, காலி பாட்டில்களைக் கண்ணாடிக் குப்பைத் தொட்டியில் போடுவது எதுவும் ஞாயிறன்று ஆகாது. மிக்ஸியை இரண்டு நிமிடம் ஓட்டினால் யாரும் கேட்கமாட்டார்கள், கிரைண்டரைச் சனிக்கிழமைக்கு மாற்றிவிடுங்கள். சீட்டு எழுதியவர் வீட்டு மணியை அடித்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் விஷயம் அதோடு முடிந்தது. கடைகளும் ஞாயிறன்று மூடியிருக்கும், பால் தீர்ந்தால் ரயில் நிலையக் கடைக்குத்தான் ஓட வேண்டும்.

சமைத்து முடித்ததும் ஜன்னலை அகலத் திறந்து ஐந்து பத்து நிமிடம் காற்று விடுங்கள், பனிக்காலத்திலும்தான். இட்லி ஆவி குளிர்ந்த சுவரில் தங்கிப் பூஞ்சை பிடித்தால் செலவு உங்கள் தலையில் விழலாம்.

கேள்வி: சேர்ந்து இரண்டு மாதம், இன்னும் சோதனைக் காலம். காய்ச்சல். லீவு கேட்கப் பயமாக இருக்கிறது.

பதில்: இங்கே லீவு ‘கேட்பது’ இல்லை, உடம்பு சரியில்லை என்று தெரிவிப்பதுதான். வேலை நேரம் தொடங்கும் முன்பே தெரிவித்துவிடுங்கள். மூன்று நாளைத் தாண்டினால் மருத்துவர் சான்று வேண்டும். சில நிறுவனங்கள் முதல் நாளே கேட்கும், ஒப்பந்தத்தைப் பாருங்கள். வேலையில் நான்கு வாரம் முடிந்துவிட்டதால் ஆறு வாரம் வரை முழுச் சம்பளம் உண்டு. சோதனைக் காலத்தில் இரண்டு வார நோட்டீஸில் அனுப்பிவிட முடியும் என்பது உண்மைதான். ஆனால் இருமிக்கொண்டே ஆபீஸ் போய் நல்ல பெயர் வாங்க முடியாது, பக்கத்து மேசைக்காரர் முகம் சுளிப்பார்.

இரவிலோ வார இறுதியிலோ டாக்டர் தேவைப்பட்டால் 116117. உயிருக்கு ஆபத்து என்றால் 112.

கேள்வி: இந்திய ஓட்டுநர் உரிமம் செல்லுமா?

பதில்: குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம், மொழிபெயர்ப்போடு. பிறகு எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு இரண்டிலும் தேறித்தான் மாற்ற வேண்டும். எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம்.

கேள்வி: நவம்பர் முடியப் போகிறது, நாலரை மணிக்கே இருட்டு. ஆபீஸில் நன்றாகப் பேசுகிறார்கள், ஒருவரும் வீட்டுக்குக் கூப்பிடவில்லை. எனக்கு மட்டும்தான் இப்படியா?

பதில்: எல்லோருக்கும் இப்படித்தான் தம்பி. என் முதல் குளிர்காலத்தில் ஊருக்குத் திரும்ப டிக்கெட் விலை பார்ப்பதே என் பொழுதுபோக்கு. இவர்களுக்கு ஆபீஸ் வேறு, நட்பு வேறு. ‘ஒருநாள் வீட்டுக்கு வாங்க’ என்றால் வரமாட்டார்கள். மூன்று வாரம் கழித்து வரும் சனிக்கிழமை, மாலை ஏழு மணி என்று நாள் நேரம் சொல்லிக் கூப்பிடுங்கள், ஏழு மணிக்கு வாசலில் நிற்பார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடமாவது வெளிச்சத்தில் நடங்கள். மாலையில் ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே என்ற மக்கள் கல்விக்கூடத்தில் ஜெர்மன் வகுப்பில் சேருங்கள். அங்கே எல்லோரும் உங்களைப் போலத் தனியாக வந்தவர்கள், பேச்சு தானாக வரும். தமிழ்க் குரல் கேட்க வேண்டுமென்றால், ஈழத் தமிழர்கள் எழுப்பி 2002-இல் குடமுழுக்குச் செய்த காமாட்சி அம்பாள் கோயில் ஹம் நகரில் இருக்கிறது. மியூனிக்கிலிருந்து தூரம்தான், ஒரு வார இறுதியை ஒதுக்கலாம்.

பிறந்தநாள் எப்போது? அன்றைக்கு யாராவது கேக் கொண்டு வருவார்கள் என்று காத்திருக்காதீர்கள், இங்கே பிறந்தநாள்காரர்தான் கொண்டுவர வேண்டும். ஆபீஸ் சமையலறையில் வைத்துவிட்டு இரண்டு வரி மின்னஞ்சல் போடுங்கள். இதுவரை பெயர் தெரியாத பத்துப் பேர் கத்தியும் தட்டுமாக வந்து நிற்பார்கள்.